பெட்டிக்குத் தெரிந்த சாவி

கொஞ்சம் கிட்ட வந்து உட்காருங்கள், கண்ணுகளா. காலை நீட்டிக்கொண்டாலும் சரி, சுவரில் சாய்ந்துகொண்டாலும் சரி. இன்றைக்கு ஒரு காரின் கதை. ராஜா கிடையாது, ராணி கிடையாது, மண்ணுக்குள் புதையலும் கிடையாது. செத்துப்போன பெட்டி ஒன்று உண்டு, அதைச் சுற்றி முட்டிக்கொண்ட மூன்று பேர் உண்டு. கடைசியில் அந்தக் கார் ஓடும். நீங்கள் பதறாமல் கேட்க வேண்டுமென்று இப்போதே சொல்லிவிடுகிறேன். யார் ஓட்டினார்கள் என்பதில்தான் கதை இருக்கிறது.

ஒரு தெருவின் கடைசியில், பேருந்துகள் திரும்பும் வளைவுக்குப் பக்கத்தில், ஒரு வீடு. வீட்டை ஒட்டித் தகரக் கொட்டகை. அதில் பாதி மனைவிக்கு, பாதி கணவனுக்கு. அவளுடைய பாதியில் கனத்த தையல் மெஷின், ரெக்ஸின் சுருள்கள், தைத்து முடித்த சீட் கவர்கள். அந்தக் கவர்கள் சுவரோரம் தலையில்லாத ஆட்கள் மாதிரி சாய்ந்து நிற்கும். தெருவில் அவளுக்குச் சீட் கவர்க்காரம்மா என்றுதான் பெயர். கணவனின் பாதியில் அந்தப் பழைய கார். வெளுத்த நீலம். ஓட்டுநர் பக்கக் கதவைத் திறக்கும்போது மட்டும் கொஞ்சம் முனகும்.

கணவன் டிரைவர். வாழ்நாளெல்லாம் பேருந்து ஓட்டியவர். ஓய்வு கொடுத்து அனுப்பியதும் சும்மா உட்கார முடியாமல் இந்தக் காரை வாங்கினார். பிரசவ ஆஸ்பத்திரியில் காலை ஷிப்ட் பார்க்கும் நர்ஸுகளை வீடு வீடாக ஏற்றிக்கொண்டுபோய் விடுவார், திரும்பவும் கொண்டுவந்து சேர்ப்பார். விடியும் முன் கொட்டகையில் அந்த இஞ்சின் செருமும் சத்தம் கேட்டால்தான் அவளுக்குப் பொழுது விடிந்த மாதிரி.

இன்னொன்று சொல்ல வேண்டும். அவளுக்குக் கிட்டத்துப் பார்வை மங்கல். தூரத்தில் வருகிற பேருந்தின் பலகையைப் படித்துவிடுவாள், ஊசிக் காது மட்டும் தெரியாது. அதனால் டிரைவர் வண்டியெடுக்கும் முன் அவளுடைய ஊசிகளையெல்லாம் கோத்து, ஒரு பஞ்சுப் பொதியில் குத்திவைத்துவிட்டுப் போவார். நூலை உதட்டில் ஈரம் பண்ணி, விளக்குக்கு நேரே பிடித்து, ஒரே தள்ளு. "கழுகுக் கண்ணுடி எனக்கு. உன் அப்பா இதப் பாத்துத்தான் பொண்ணு குடுத்தாரு" என்பார். தினமும் இதே வசனம். தினமும் அவள் உதட்டைச் சுழிப்பாள்.

மழைக்காலம் தொடங்குவதற்கு முன்னால் அந்தப் பழக்கம் நின்றுபோனது.

"உன் ஊசிய நீயே கோத்துக்கோ. எனக்கு நேரமாச்சு."

"இத்தனை வருஷமா ஆகாத நேரமா இன்னைக்கு ஆயிருச்சு?"

"ஆமா. ஆயிருச்சு."

அவளுக்குச் சுருக்கென்றது. வயது ஏற ஏற மனுஷனுக்கு வாயும் கையும் சுருங்கிவிடும் போல என்று நினைத்துக்கொண்டாள். கடைத்தெருவுக்குப் போய்ப் பெரிய காதுள்ள ஊசிகளாகப் பார்த்து வாங்கிவந்தாள். அதோடு அதை விட்டுவிட்டாள்.

ஒரு நாள் காலையில் கார் கிளம்பவில்லை. செல்ஃப் சுற்றுகிறது, இஞ்சின் பிடிக்கவில்லை. டிரைவர் பானெட்டைத் திறந்துவைத்துக்கொண்டு அதற்குள் தலையை விட்டபடி நெடுநேரம் நின்றார். நர்ஸுகள் போன் மேல் போன் போட்டார்கள். கடைசியில் எல்லோரும் பேருந்தில் தொங்கிக்கொண்டு போனார்கள்.

"என்னங்க ஆச்சு?" என்று கேட்டாள்.

"மழையில தண்ணி உள்ள போயிருக்கும்" என்றார். அவள் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

அவளுடைய தம்பிக்கு ஆள் அனுப்பினார்கள். கார்களுக்கு ஒயரிங் பார்ப்பது அவன் வேலை. கரண்ட் அளக்கும் மீட்டர் ஒன்று சட்டைப் பையிலேயே கிடக்கும், அதனால் ஊரில் அவனுக்குப் பெயரே மீட்டர். சும்மா உட்கார்ந்து டீ குடிக்கும்போதும் பக்கத்தில் கிடக்கிற பேட்டரியைத் தொட்டு அளந்து பார்ப்பான். வேலை தெரிந்தவன், வாய் அதைவிடத் தெரிந்தவன். அரைநாள் பூராவும் காருக்கு அடியிலும் உள்ளேயுமாக நெளிந்துவிட்டு எழுந்து வந்தான்.

"அத்தான், மனச தேத்திக்கங்க. உங்க வண்டிக்கு மூளைச் சாவு."

"என்னடா உளறுற?"

"இஞ்சின் கம்ப்யூட்டர் போயிருச்சு. உசுரு இருக்கு, உத்தரவு குடுக்க ஆளில்ல. பெட்ரோல் எப்ப விடணும், பொறி எப்ப தட்டணும், எல்லாம் சொல்றது அந்தப் பெட்டிதான். அது வாயே திறக்க மாட்டேங்குது."

"புதுசு போட்டுருவோம்."

"இந்த வண்டிக்குப் புதுசு செய்யறதையே நிறுத்திட்டாங்க அத்தான். காயலாங்கடையில பொரட்டிப் பாக்கணும்."

மீட்டர் ஊருக்கு வெளியே வண்டி உடைக்கிற யார்டுகளிலெல்லாம் ஏறி இறங்கினான். இதே மாதிரி கார்கள் நான்கைந்து கிடந்தன. மூடியில்லாமல் மழையில் கிடந்ததால் பெட்டிகள் எல்லாம் துருப்பிடித்திருந்தன. ஒன்று மட்டும் ஒரு லாரிக்கு அடியில் ஒண்டிக்கிடந்து தப்பியிருந்தது. பின்பக்கம் இடிபட்டு, முன்பக்கம் முழுசாக இருந்த கார். அந்தப் பெட்டியைக் குழந்தையைத் தூக்கிவருவது மாதிரி துண்டில் சுற்றிக் கொண்டுவந்தான்.

"அதே மாடல், மேல அடிச்சிருக்கிற நம்பர் கூட அதே நம்பர். அக்கா, டீ போடு. ஒரு மணி நேரத்துல அத்தான் தெருவ சுத்தி வருவாரு."

மாட்டினான். டிரைவர் உட்கார்ந்து சாவியைத் திருப்பினார். கார் 'உர்ர்ர்' என்று உயிர்பெற்றது. அவள் கையிலிருந்த டம்ளரோடு சிரித்தாள். சிரித்து வாயை மூடும் முன்னே இஞ்சின் நின்றுவிட்டது.

"திரும்ப அடிங்க அத்தான்."

பிடித்தது. ரெண்டு மூச்சு விட்டது. நின்றது.

இப்படியே அன்றைக்கு முழுக்க. பிடிக்கும், நிற்கும். பிடிக்கும், நிற்கும். விக்கல் வந்த மாதிரி. மீட்டருக்கு முகம் தொங்கிப்போனது. மறுநாளும் வந்தான், அதற்கு அடுத்த நாளும் வந்தான். பெட்ரோல் பம்பைக் கழற்றி மாட்டினான். பிளக்குகளைச் சுரண்டினான். எர்த் கம்பி பூட்டியிருக்கும் இடத்தை உப்புத்தாளால் தேய்த்துப் பளபளப்பாக்கினான். ஒயர்கள் சேருகிற கப்ளர்களைக் கழற்றி, ஒவ்வொரு பித்தளைக் காலையும் பழைய பல்துலக்கியால் துடைத்தான். தகரக் கூரை மேல் மழை விழுந்துகொண்டேயிருந்தது. உள்ளே பெட்ரோல் வாடை, ரப்பர் வாடை, நனைந்த துணி வாடை. அவள் ஒரு பக்கம் மெஷினை மிதிப்பாள். தம்பி கூப்பிடும்போது எழுந்துபோய் டார்ச் பிடிப்பாள். மதியத்துக்கு உருளைக்கிழங்கு வேகவைத்து, முட்டை பொரித்து, ரொட்டியோடு கொடுப்பாள். கை கழுவிய பிறகும் மீட்டரின் ரொட்டியில் கிரீஸ் விரல் பதிந்திருக்கும்.

"டேஷ்போர்டுல ஏதாவது லைட் எரியுதா, அத்தான்?" என்று பானெட்டுக்குள்ளிருந்து மீட்டர் கத்துவான்.

"ஒண்ணும் எரியல."

"நல்லாப் பாத்தீங்களா?"

"இத்தனை வருஷம் பஸ் ஓட்டுனவன்கிட்ட லைட் எரியுதான்னு கேக்குறான் பாரு. எரியலடா."

இதற்கிடையில் பெரிய நர்ஸம்மா போன் செய்தார். அவர்தான் மற்ற நர்ஸுகளுக்கெல்லாம் சேர்த்துப் பேசுகிறவர். "அம்மா, உங்க வீட்டுக்காரர் மேல எங்களுக்கு மரியாதை. ஆனா புள்ளைங்க பஸ்ல தொங்கிட்டு வந்து நாள் பூரா நின்னு வேலை பாக்குதுங்க. ஸ்கூல் வேன் ஓட்டுறவர் ஒருத்தர் எங்கள ஏத்திக்கறேன்னு கேட்டுட்டே இருக்காரு. இந்த மாசக் கடைசி வரைக்கும் பொறுத்துக்கறோம்." கொஞ்சம் தயங்கி, "இன்னொண்ணு. அவருக்கு உடம்பு நல்லாத்தான இருக்கு? போன வாரம் ஆஸ்பத்திரி கேட் தூண்ல உரசிட்டாரு. அகலமான கேட்டு அது. அதான் கேட்டேன்" என்றார்.

நல்லாத்தான் இருக்கார் என்று அவள் சொல்லிவிட்டாள். பிறகு வெளியே போய்க் காரின் இடப்பக்கத்தைத் தடவிப் பார்த்தாள். கோடு விழுந்திருந்தது. அவர் அதன்மேல் நீலப் பெயிண்டைத் தொட்டு வைத்திருந்தார். பெயிண்ட் கோட்டின் மேல் விழாமல் ஒரு விரல் தள்ளி விழுந்திருந்தது.

அடுத்த நாள் டிரைவர் டீக்கடைப் பக்கம் போயிருந்தபோது மீட்டர் கூப்பிட்டான். "அக்கா, நீயாவது வந்து சாவியத் திருப்பு. நான் இங்க ஒயரப் பிடிச்சிருக்கேன்."

அவள் ஏறி உட்கார்ந்தாள். கல்யாணமான புதிதில் டிரைவரே ஓர் இரவல் காரில் அவளுக்கு ஓட்டக் கற்றுக்கொடுத்து, லைசென்ஸும் எடுத்துவைத்திருந்தார். ஆனால் ஒரு தடவை கியரைக் கரகரவென்று மாற்றிவிட்டாள் என்று அன்றோடு ஸ்டியரிங்கைத் தொடவிடவில்லை. லைசென்ஸை மட்டும் விடாமல் புதுப்பித்துக்கொண்டேயிருந்தாள். எதற்கென்று கேட்டால், போட்டோ நன்றாக விழுந்திருக்கிறது என்பாள்.

சாவியைத் திருப்பினாள். 'உர்ர்' என்றது, நின்றது.

"தம்பி, இங்க ஒரு சின்ன லைட்டு துடிக்குதே. சாவிப் படம் போட்ட லைட்டு. செவப்பா."

பானெட்டுக்குள் தொம்மென்று ஒரு சத்தம். மீட்டர் தலையை இடித்துக்கொண்டிருந்தான்.

"என்ன லைட்டு?"

"சாவிடா. சாவிப் படம்."

அவன் ஓடி வந்து எட்டிப் பார்த்தான். பார்த்துவிட்டு நெற்றியில் பளாரென்று அடித்துக்கொண்டான். "அடக் கடவுளே! இத்தனை நாளா எரிஞ்சிட்டா இருந்துச்சு? இந்தப் பெட்டி அதோட பழைய வண்டிச் சாவியத்தான் தேடுதுக்கா! சாவித் தலைக்குள்ள ஒரு சின்னச் சில்லு இருக்கும். இது நம்ம சாவிதானான்னு பெட்டி பாக்கும். நம்ம சாவி இதுக்கு அந்நியச் சாவி. திருடன்னு நினைச்சு உடனே மூச்ச நிறுத்திருது. லைட்டு எரியலன்னு அத்தான் சொன்னாரேன்னுதான் அந்தப் பக்கமே நான் போகல. பெட்டி மேல தப்பில்ல, என் மேலயும் தப்பில்ல!"

"உன் மேல எப்பதான் தப்பிருந்துச்சு?"

"அத விடு. யார்டுக்குப் போயி அந்த வண்டியோட சாவியையும், சாவித் துவாரத்தச் சுத்தி இருக்கிற வளையத்தையும் கொண்டுவந்து மாட்டிட்டா முடிஞ்சது கதை. சாவி, வளையம், பெட்டி மூணும் ஒரே குடும்பம். பிரிக்கக் கூடாது."

அவள் இறங்கவில்லை. அந்தச் சிவப்பு லைட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். கிட்டத்துப் பார்வை மங்கலான தனக்கே கைநீட்டும் தூரத்தில் அது இப்படித் துடிப்பது தெரிகிறது. அவருக்கு ஏன் தெரியவில்லை?

மீட்டர் கிளம்புவதற்கு முன்னால், செத்துப்போன முதல் பெட்டியின் மூடியைப் பசை விடும்வரை சுரண்டித் திறந்தான். சும்மா, ஒரு ஆசைக்கு. திறந்ததும் மூக்கை அதற்குக் கிட்டக் கொண்டுபோய் மோந்து பார்த்தான்.

டிரைவர் டீக்கடையிலிருந்து வந்துசேர்ந்த நேரம் அது. "என்னடா மாப்ளே, பொணத்த அறுத்துப் பாக்குற?"

"அத்தான், தண்ணி போயிருந்தா பச்சையாப் பூத்திருக்கும். இது கருப்பா இருக்கு. எரிஞ்சிருக்கு." மீட்டர் நிமிர்ந்து பேட்டரி பக்கம் போனான். "அது மட்டும் இல்ல. இங்க எல்லா ஃபியூஸும் அழுக்கு. இந்தப் பெரிய ஃபியூஸு மட்டும் புதுப் பொண்ணு மாதிரி பளபளன்னு இருக்கு. யாரு மாத்துனது?"

"அது... எப்பவோ மாத்துனேன்."

"கரண்ட் எதாச்சும் தலைகீழாக் குடுத்தீங்களா? பேட்டரிய மாத்தி கீத்தி?"

"நான் என்ன சின்னப் புள்ளையாடா?" டிரைவரின் குரல் கொட்டகைத் தகரத்தில் பட்டுத் திரும்பியது. "நீ பொறக்கும்போதே நான் பேட்டரி மாட்டுனவன். வேலையப் பாரு."

மூத்தவர், அக்காவின் புருஷன். அதற்குமேல் எப்படிக் கேட்பது? மீட்டர் யார்டுக்குப் போனான். டிரைவர் வீட்டுக்குள் போய்ப் படுத்துக்கொண்டார். பட்டப்பகலில் படுக்கிறவர் இல்லை அவர்.

மழை கொஞ்சம் விட்டிருந்தது. அவள் மெஷினில் உட்கார்ந்தாள். காலும் ஓடவில்லை, கையும் ஓடவில்லை. அந்த நேரம் பார்த்து வாசலில் ஹாரன் சத்தம். தெருத்தெருவாக ரொட்டி கொண்டுவருகிற வேன்காரர், நான்கு வீடு தள்ளிக் குடியிருக்கிறவர்.

"அண்ணி, இன்னைக்கு ரொட்டி சுடச் சுட இருக்கு. அண்ணன் வண்டி என்னாச்சு?"

"இன்னும் எழுந்திருக்கல."

"பாவம். என் வண்டிக்கு உசுரு குடுத்துட்டு அவரு வண்டி படுத்துக்கிச்சு."

அவள் ரொட்டியை வாங்கிய கையோடு நின்றாள். "உங்க வண்டிக்கு எப்ப உசுரு குடுத்தாரு?"

"தெரியாதா? உங்க வண்டி படுத்ததுக்கு முந்தின சாயங்காலம். நீங்க கவர் குடுக்கப் போயிருந்தீங்க போல. என் வேன் பேட்டரி இறங்கிருச்சு. உங்க கொட்டகை வாசலுக்குத் தள்ளிட்டு வந்தேன், அண்ணன்தான் அவரு கார்லருந்து ஒயர் போட்டாரு. மொதல்ல பட்டுன்னு நெருப்பு! நான் ரெண்டடி பின்னால ஓடிட்டேன். அப்புறம் அவரே தடவிப் பாத்து மாத்திப் போட்டாரு, என் வண்டி கிளம்பிருச்சு. அது பழைய டீசல் வண்டி அண்ணி, கம்ப்யூட்டரும் கிடையாது ஒரு மண்ணும் கிடையாது. மேல இடியே விழுந்தாலும் ஓடும்."

"தடவிப் பாத்தாரா?"

"ஆமா. இருட்டிட்டு வருதுண்ணே, டார்ச் எடுத்துட்டு வரவான்னு கேட்டேன். எனக்கு எதுக்குடா டார்ச்சுன்னாரு. சரி, வரட்டா அண்ணி?"

அவர் போய்விட்டார். ரொட்டி கையில் சுட்டுக்கொண்டேயிருந்தது, அவள் கீழே வைக்கவில்லை.

ஒரு வண்டியின் பேட்டரியிலிருந்து இன்னொரு வண்டிக்குக் கரண்ட் கொடுக்கிற ஜம்பர் ஒயரில் ஒன்று சிவப்பு, ஒன்று கருப்பு. பேட்டரியின் ஒரு காலில் சிவப்பு மூடி, இன்னொன்றில் கருப்பு. அந்தி வெளிச்சத்தில் ரெண்டையும் பிரித்துப் பார்க்க முடியாமல் தலைகீழாக மாட்டியிருக்கிறார். ஊசிக் காது, சாவி லைட்டு, ஆஸ்பத்திரித் தூண், கோட்டில் விழாத பெயிண்ட் எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வந்து அவள் முன்னால் நின்றன. போன வாரம் அவர் டம்ளரில் டீ ஊற்றும்போது விளிம்பில் விரலை வைத்துக்கொண்டு ஊற்றினார். சூடு பார்க்கிறார் என்று நினைத்தாள். நிறைந்துவிட்டதா என்று விரலால் பார்த்திருக்கிறார்.

இந்தக் கண்ணோடு விடியாத இருட்டில் நாலு பெண் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போயிருக்கிறார். அவளுக்குக் கோபமும் வந்தது. கூடவே, ஒற்றை ஆளாக அந்தப் பெரிய ஃபியூஸை விரலாலேயே தடவித் தடவி மாற்றிக்கொண்டு நின்றவரை நினைத்து வேறு ஏதோவும் வந்தது.

உள்ளே போய், "எழுந்திருங்க, எனக்குத் தெரிஞ்சு போச்சு" என்று சொல்லியிருக்கலாம்தான். கட்டில்வரை போனாள். சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். தூங்கவில்லை என்று முதுகைப் பார்த்தாலே தெரிந்தது. வாழ்நாளெல்லாம் கண்ணை நம்பிப் பிழைத்த மனுஷனிடம் போய் உங்கள் கண் போய்விட்டது என்று எந்த வாயால் சொல்வது? திரும்பி வந்துவிட்டாள்.

மறுநாள் மத்தியானம் மீட்டர் வந்தான். காதுவரை சிரிப்பு. யார்டுக்காரர் செத்த வண்டிகளின் சாவிகளையெல்லாம் ஒரு பிஸ்கட் டப்பாவில் போட்டு வைத்திருந்தாராம். அதில் தேடி எடுத்த சாவியில் ஒரு குட்டி ரப்பர் செருப்பு தொங்கியது. யார் வீட்டுப் பிள்ளை மாட்டிவைத்ததோ. வளையத்தைப் பொருத்தினான். பானெட்டைத் திறந்து ஒரு தடவை பார்த்துக்கொண்டான். டிரைவர் முக்காலியைப் போட்டுக் கதவோரம் உட்கார்ந்திருந்தார். மடியில் கை கோத்திருந்தது.

"அக்கா, இந்தத் தடவை பிடிச்சா நிக்காது பாரு. குடும்பம் ஒண்ணு சேந்துருச்சு." ஏறி உட்கார்ந்து சாவியை நுழைத்தான்.

அவளுக்குத் தெரிந்தது ஒன்றுதான். முதல் பெட்டி எதனால் செத்தது என்று தம்பிக்குத் தெரியாது. அது தெரியாமல் ரெண்டாவதை ஓடவிடப் போகிறான். மூன்றாவது பெட்டி எங்கேயும் கிடையாது.

"நில்லுடா. திருப்பாத."

"ஏன்?"

"அந்தப் பெட்டி தண்ணியில போகல. நான்தான் ரொட்டிக்காரர் வண்டிக்குக் கரண்ட் குடுக்கறேன்னு ஒயர மாத்திப் போட்டுட்டேன்."

முக்காலி கிறீச்சிட்டது. டிரைவர் நிமிர்ந்திருந்தார்.

மீட்டர் மெதுவாகச் சாவியை உருவினான். இறங்கி வந்து அக்காவை மேலும் கீழும் பார்த்தான். அக்கா பொய் சொன்னால் வலது காதைத் தொடுவாள் என்று அவனுக்குச் சின்ன வயதிலிருந்து தெரியும். இப்போதும் தொட்டுக்கொண்டுதான் நின்றாள். அவன் ஓரக்கண்ணால் அத்தானைப் பார்த்தான். பிறகு குரலை ஏற்றினான்.

"நீயா? நீ போட்டியா? இத இப்ப வந்து சொல்ற! ஒயர தலைகீழாக் குடுத்தா பெட்டியோட போகுமா? டைனமோவுக்குள்ள இருக்கிற ரெகுலேட்டரும் போயிருக்கும். இஞ்சின் ஓடுனா கரண்ட் கட்டுக்கு அடங்காம ஏறும், இந்தப் பெட்டியும் கொஞ்ச நேரத்துல கரியாயிருக்கும். இத்தனை நாளு பிடிச்சுப் பிடிச்சு உடனே நின்னுச்சே, அதனால தப்பிச்சது. இன்னைக்குத்தான் எமன் வந்து நின்னிருப்பான்!"

"தெரியாமப் போட்டுட்டேன்டா."

"தெரியாமன்னா? செவப்புக்கும் கருப்புக்கும் வித்தியாசம் தெரியாதா? கலர் கலரா துணி தைக்கிறவதான நீ? முகத்துல ரெண்டு கண்ணு எதுக்கு இருக்கு, மை போடவா? கண்ணு தெரியலன்னா பேசாம..."

"போதும்டா." டிரைவர் எழுந்துவிட்டார்.

"நீங்க உக்காருங்க அத்தான். இவள இன்னைக்கு..."

"அவளத் திட்டாத." அவர் அக்காவுக்கும் தம்பிக்கும் நடுவில் வந்து நின்றார். "அவளுக்குக் கண்ணு நல்லாத்தான் தெரியுது. எனக்குத்தான் தெரியல."

அவர் முக்காலியை எட்டிப் பிடிக்கப் போனார், கை ஒரு விரல் தள்ளி விழுந்தது. அவள் முக்காலியைக் காலால் நகர்த்தி அவர் கைக்குக் கொடுத்தாள்.

"எத்தனை நாளா?" என்று கேட்டாள்.

"மழைக்கு முன்னாலருந்து. பகல்ல புகை மாதிரி. அந்தியில ஒண்ணுமே இல்ல. எதிர வர்ற லைட்டெல்லாம் பூசணிப் பூ மாதிரி விரியுது." உட்கார்ந்தார். "சொன்னா சாவியப் பிடுங்கிருவீங்க."

"பிடுங்கத்தான் செய்வேன்."

"தெரியும். அதான் சொல்லல."

"நாலு பொம்பளப் புள்ளைங்க, நாலு வீடு. ஒண்ணு கிடக்க ஒண்ணு ஆகியிருந்தா?"

அவர் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார், துடைத்த இடத்தையே திரும்பத் திரும்பத் துடைத்தார். அவள் அதற்குமேல் கேட்கவில்லை. உள்ளே போய் டீ போட்டாள். அவருடைய டம்ளரில் நிறைய ஊற்றி, கையில் கொடுத்து, விரல் பிடிக்கும்வரை தன் கையை எடுக்காமல் நின்றாள்.

மீட்டர் அதற்குள் டைனமோவைக் கழற்ற ஆரம்பித்திருந்தான். ஸ்பானரைக் கீழே போடும் சத்தம் தேவைக்கு மேல் பலமாகக் கேட்டது. தலையை வெளியே நீட்டி, "அத்தான், உங்க மேல எனக்கு ஒரே ஒரு கோவம்" என்றான்.

"சொல்லு."

"லைட்டு எரியலன்னீங்க பாருங்க. என் நாலு நாள் பொழப்பு போச்சு. பல்துலக்கியே தேஞ்சு போச்சு."

டிரைவர் சிரித்துவிட்டார். சிரிக்கும்போதே குரல் உடைந்தது. அதையும் சிரிப்பில் சேர்த்துக்கொண்டார்.

மீட்டர் சொன்னது சரியாகத்தான் இருந்தது. ரெகுலேட்டர் வெந்துபோயிருந்தது. வேறொன்று மாட்டி, டைனமோவைத் திரும்பப் பூட்ட ஒரு நாள் பிடித்தது. அன்றைக்கு வெயிலடித்தது. கொட்டகைக் கதவை அகலத் திறந்துவைத்து, தம்பி பேட்டரி மேல் தன் கரண்ட் மீட்டரின் ரெண்டு ஊசியையும் வைத்துப் பிடித்துக்கொண்டு, "ம்" என்றான்.

அவள்தான் உட்கார்ந்திருந்தாள். குட்டிச் செருப்பு தொங்கும் சாவியைத் திருப்பினாள். சிவப்பு லைட்டு ஒரு தடவை மின்னியது.

"அணைஞ்சிருச்சு!" என்றாள்.

இஞ்சின் பிடித்தது. ரெண்டு மூச்சு, மூன்று மூச்சு. நிற்கவில்லை. வேகத்தை ஏற்றச் சொன்னான், ஏற்றினாள். கையிலிருந்த மீட்டரின் முள்ளையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "பதினாலு வோல்ட்டுலயே நிக்குதுக்கா. ஏறல, இறங்கல. சொன்ன பேச்சு கேக்குது" என்றான்.

டிரைவர் காரைச் சுற்றித் தடவிக்கொண்டே வந்தார். ஓட்டுநர் கதவருகே வந்ததும் கொஞ்சம் நின்றார். அவள் இறங்கவில்லை. அவரும் இறங்கச் சொல்லவில்லை. முன்பக்கமாகச் சுற்றிப்போய், அடுத்த சீட்டில் ஏறி உட்கார்ந்து கதவைச் சாத்தினார். அவளுக்கு ஓட்டக் கற்றுக்கொடுத்த அந்த நாட்களுக்குப் பிறகு அவர் அந்தப் பக்கம் உட்கார்ந்ததேயில்லை.

"எங்க போறோம்?" என்று கேட்டார்.

"கண்ணாஸ்பத்திரிக்கு."

"சரி. கிளட்ச முழுசா மிதி. கரகரன்னுச்சுன்னா இறங்கி நடந்துருவேன்."

"இறங்கிப் பாருங்க, தெரியும்."

தெருவில் போனார்கள். அவள் விறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள், ரெண்டு கையும் ஸ்டியரிங்கை நெரித்தன. அவர் கண்ணை மூடிக்கொண்டு இஞ்சினைக் கேட்டுக்கொண்டே வந்தார். "இப்ப மாத்து" என்பார். மாற்றுவாள். "அழுவுது பாரு, ஒண்ணு இறக்கு" என்பார். இறக்குவாள். எதிரே லாரி வந்தால் அவள் சொல்வாள், பள்ளம் வந்தால் அவள் சொல்வாள். பேருந்து வளைவில் திரும்பும்போது அவர் கை தன்னையறியாமல் காற்றில் ஒரு சுற்றுச் சுற்றியது. அதை அவள் பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்துவிட்டாள்.

கண் டாக்டர் இரண்டு கண்ணிலும் புரை முற்றியிருக்கிறது என்றார். வலது கண்ணைச் சரிசெய்துவிடலாம், இடது கண்ணில் பின்பக்கமும் ஏதோ கோளாறு தெரிகிறது, அதைப் போகப் போகத்தான் சொல்ல முடியும் என்றார். பெரிய நர்ஸம்மாவிடம் அவளே நேரில் போய் நடந்ததையெல்லாம் ஒளிக்காமல் சொன்னாள். நர்ஸம்மாவின் முகம் கறுத்தது. பிறகு, "நீங்க ஓட்டிக் காட்டுங்க. நானே முதல் நாள் முன்சீட்ல வர்றேன்" என்றார். வந்தார், கைப்பிடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டே வந்தார். இறங்கும்போது, "நாளைக்கும் இதே நேரம்" என்றார். அவ்வளவுதான்.

வலது கண்ணில் ஆபரேஷன் முடிந்து, கட்டுப் பிரித்து வீட்டுக்கு வந்த மறுநாள், விடியும் முன் அவள் எழுந்து கொட்டகைக்குப் போனாள். விளக்கு எரிந்துகொண்டிருந்தது. டிரைவர் அவளுடைய மெஷின் முன்னால் உட்கார்ந்து, நூலை உதட்டில் ஈரம் பண்ணிக்கொண்டிருந்தார். பெரிய காது ஊசிகளை ஒதுக்கிவிட்டு, பழைய சின்ன ஊசிகளையே எடுத்து வைத்திருந்தார். ஒரு ஊசிக்கு ரெண்டு தடவை தள்ள வேண்டியிருந்தது. ஆனாலும் பஞ்சுப் பொதியில் ஏழெட்டு ஊசிகள் வாலோடு நின்றன. கழுகுக் கண் வசனத்தை அவர் சொல்லவில்லை.

"நேரமாச்சு, கிளம்பு. நர்ஸுங்க நிப்பாங்க" என்றார்.

ஆணியில் சாவி தொங்கியது. அவர் எழுந்து அதை எடுத்தார். குட்டிச் செருப்பை ஒரு தடவை விரலால் ஆட்டிப் பார்த்தார். சாவியை அவள் உள்ளங்கையில் வைத்துவிட்டு, காரைச் சுற்றிக்கொண்டு போய், அடுத்த சீட்டுக் கதவைத் திறந்து உட்கார்ந்தார்.

அவ்வளவுதான், கண்ணுகளா. எழுந்து போகும் முன் இந்தக் கிழவியின் வாழ்த்தையும் வாங்கிக்கொண்டு போங்கள். உங்கள் வீட்டு அடுப்பும் வண்டியும் முதல் தடவையிலேயே பற்றட்டும். ஊசி கோக்க ஒரு கையும், டார்ச் பிடிக்க ஒரு கையும் உங்கள் வீட்டில் எப்போதும் இருக்கட்டும். யாருக்கு எது தெரியாமல் போனாலும், பக்கத்து சீட்டில் இருந்து சொல்ல ஓர் ஆள் இருக்கட்டும். போய்ச் சேர்ந்ததும் கதவைத் தாழ் போட்டுக்கொள்ளுங்கள். நல்லா இருங்கள்.